இருமலுக்குப் புகை மட்டுமா காரணம்?

ஐப்பசி பிறந்துவிட்டால் தெற்கிலிருந்து தில்லிக்கு வரும் ரயில்களில் நம்மவர் கூட்டம் பெருகிவிடும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலும் வந்திறங்கும் பெரியவர்களுள் பலர் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ தீபாவளி கொண்டாடி, பொங்கலையும் முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் எண்ணத்துடன் வருகிறவர்கள். அவர்களுடைய பெட்டியில் முறுக்கும் வடகமும் புதிதாக அரைத்த காப்பிப் பொடியும் இருக்கும். அவற்றுக்கு அடியில், புடவைகளுக்கு நடுவே, ஒரு பிளாஸ்டிக் பையும் இருக்கும். அதில் மூன்று மாதத்திற்கோ ஆறு மாதத்திற்கோ சேர்த்து வாங்கிய மாத்திரைகள்.

வந்து பத்து நாட்கள் ஆகுமுன் இருமல் தொடங்குகிறது. "எல்லாம் இந்த ஊர்ப் புகை" என்று வீட்டிலுள்ளோர் சொல்கிறார்கள். கார்த்திகை மாதத்துத் தில்லியைக் கண்டவர் எவரும் அதை மறுக்கமாட்டார். காற்றின் தரக் குறியீடு 400-ஐத் தாண்டி, அதாவது அரசாங்கமே 'கடுமை' என்று வகுத்திருக்கும் நிலையை அடைந்து, காலை பத்து மணிக்கும் சூரியன் மஞ்சள் பொட்டாகத் தெரிகின்ற நாட்கள் அவை. ஆகவே இருமுகின்றவருக்குக் கஷாயம் கொடுக்கிறோம், ஜன்னலை அடைக்கிறோம், தை பிறந்தால் சரியாகிவிடும் என்று தேற்றுகிறோம். பெரும்பாலும் அப்படியே சரியாகியும் விடுகிறது. ஆனால் சரியாகாத இருமல் ஒன்று உண்டு. அதன் காரணம் வானத்தில் இல்லாமல் அந்தப் பிளாஸ்டிக் பைக்குள்ளேயே இருக்கக்கூடும் என்பதை நம் அன்பர்களுக்குத் தெரிவிப்பதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நாம் வைத்தியரல்லர். ரயில்வேயில் குமாஸ்தா, படிப்பு மெட்ரிகுலேஷனோடு நின்றது. ஆயினும் நமக்கு நெருங்கிய குடும்பம் ஒன்றில் நேர்ந்ததைக் கண்டபின், இவ்விஷயத்தைப் பற்றிக் கிடைத்தவற்றைப் படித்தும், அறிந்த டாக்டர்களிடம் கேட்டும் தெளிந்தவற்றையே இங்கே கூறுகிறோம்.

நுரையீரல் என்பது காற்றை அடைத்துவைக்கும் இரண்டு வெறும் பைகளன்று. அதனுள் 30 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையின் சுவரும் தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான் இருக்கும். அச்சுவரின் ஒருபுறம் காற்று, மறுபுறம் இரத்தம். பிராணவாயு இந்த மெல்லிய சுவரைக் கடந்தே இரத்தத்தில் கலக்கிறது. சில மருந்துகள், எல்லோருக்கும் அல்ல, சிலருக்கு மட்டும், இந்தச் சுவரிலே அழற்சியை உண்டாக்குகின்றன. அழற்சி நெடுநாள் நீடித்தால் புண் ஆறிய இடத்தில் தழும்பு ஏறுவதுபோல் சுவர் தடித்துவிடுகிறது. அளவுக்கு மீறிக் கஞ்சி போட்ட வேட்டி எப்படி விரியவும் மடியவும் மறுக்குமோ, அப்படியே நுரையீரலும் விறைத்துப்போகிறது. உள்ளே காற்று போனாலும் பிராணவாயு இரத்தத்தை எட்டுவதில்லை. முதலில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும். பின்னர் சமதரையில் நடக்கும்போதும் வாங்கும்.

மருத்துவ உலகம் இதனை அறிந்தது நேற்று இன்று அல்ல. இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்பட்ட புஸல்ஃபான் என்னும் மருந்தால் நுரையீரல் கெட்டதை 1961-ஆம் ஆண்டிலேயே டாக்டர்கள் எழுதி வைத்தார்கள். பிரான்ஸ் தேசத்து டிஜோன் நகரைச் சேர்ந்த பிலிப் காமு என்னும் நுரையீரல் நிபுணர், இவ்வாறு தீங்கு செய்யக்கூடிய மருந்துகளைத் தொகுப்பதையே தம் வாழ்நாள் பணியாக மேற்கொண்டார். அவருடைய பட்டியலில் பல நூறு மருந்துகள் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் புற்றுநோய் மருந்துகளைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. அவற்றை ஆஸ்பத்திரியில் டாக்டர்களே கண்காணித்துக் கொடுக்கிறார்கள். நமக்குக் கவலை தருபவை, வீட்டு அலமாரியில் இருந்துகொண்டு, யார் கண்காணிப்புமின்றி ஆண்டுக்கணக்கில் உட்கொள்ளப்படும் சாதாரண மாத்திரைகளே.

முதலில் நைட்ரோஃப்யூரண்டாயின். சிறுநீர்ப் பாதையில் தொற்று ஏற்பட்டால் கொடுப்பது. 1953 முதல் வழக்கில் இருந்துவரும் பழைய மருந்து. நடுவில் புதிய மருந்துகளின் பகட்டில் மங்கிக் கிடந்து, அந்தப் புதியவற்றுக்குக் கிருமிகள் பணிய மறுத்ததும் மீண்டும் செல்வாக்குப் பெற்றது. ஐந்து நாட்களோ ஒரு வாரமோ உண்பவர்க்கு இதனால் நுரையீரல் கெடுவது மிக அரிது. அப்படி நேர்ந்தாலும் காய்ச்சல், குளிர், இருமல் என்று சில நாட்களிலேயே ஆர்ப்பாட்டமாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும். மாத்திரையை நிறுத்தியதும் விரைவில் தணிந்துவிடும். இரத்தத்தைச் சோதித்தால் ஈஸ்னோபில் அணுக்கள் மிகுந்திருப்பதும் உண்டு. தமிழ்நாட்டுக் குடும்பங்களில் 'ஈஸ்னோபீலியா' என்பது சளி, ஜலதோஷம் போன்று பழகிய சொல் ஆகையால், "ஓ, அதுதானா" என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

அஞ்சத்தக்கது மற்றொரு வகை. தொற்று திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு, வராமல் தடுப்பதற்காக இரவில் சிறு அளவாக இதே மாத்திரையைச் சில மாதங்கள் கொடுப்பதுண்டு. அவ்வாறு ஆறு மாதமோ அதற்கு மேலோ உண்பவர்களுள் சிலருக்கு, பெரும்பாலும் வயது முதிர்ந்த பெண்மணிகளுக்கு, காய்ச்சல் ஏதுமின்றி, சந்தடியின்றி, வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் தோன்றுகின்றன. சுவீடன் தேசத்தில் இம்மருந்தினால் தீங்குற்றவர்களைப் பற்றி வந்த 921 அறிக்கைகளை ஆராய்ந்து 1980-ல் வெளியிட்டார்கள். நுரையீரல் உபாதைக்கு அதில் பெரும் இடம் இருந்தது. அது நடந்து நாற்பது ஆண்டுகளுக்குமேல் ஆனபின்பும், 2023 ஏப்ரலில் பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு இலாகா தன் நாட்டு டாக்டர்களுக்கு இதனை மீண்டும் நினைவூட்ட வேண்டியிருந்தது. தெரிந்த விஷயம்தான், ஆனால் மறந்துபோகிற விஷயம்.

நாம் மேலே குறிப்பிட்ட குடும்பத்திற்கு நேர்ந்தது இதுவே. அந்த அம்மையார் மாயவரத்துப் பக்கம், எழுபதைக் கடந்தவர். ஊர் டாக்டர் சில மாதங்களுக்கென்று எழுதிக் கொடுத்த இரவு மாத்திரையை, சீட்டு கந்தலான பின்னும் பழைய அட்டையைக் காட்டிக் காட்டி இரண்டு ஆண்டுகளுக்குமேல் வாங்கி உண்டுவந்தார். குணம் தந்த மருந்தாயிற்றே, எதற்கு நிறுத்துவது என்பது அவருடைய எண்ணம். தில்லிக்கு வந்ததும் வறட்டு இருமல். மகன் கடன் வாங்கிக் காற்றைச் சுத்திகரிக்கும் யந்திரம் ஒன்றை வாங்கி வைத்தார். உறிஞ்சும் மருந்து கொடுத்தார்கள். இருமல் மருந்து நான்கு புட்டி காலியாயிற்று. கடைசியில், புகை இல்லாத இடத்தில் இருக்கட்டும் என்று தை மாதம் ஊருக்கே அனுப்பிவைத்தார்கள். காவிரிக் காற்றிலும் இருமல் நிற்கவில்லை! அப்போதுதான் சந்தேகம் பிறந்தது.

திரும்ப அழைத்துவந்து நுரையீரல் நிபுணர் ஒருவரிடம் காட்டினார்கள். அவர் முதலில் கேட்ட கேள்வி, "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்பது. சர்க்கரைக்கு ஒன்று, இரத்த அழுத்தத்திற்கு ஒன்று என்று அம்மையார் சொன்னார். மூன்றாவதைச் சொல்லவில்லை. மகன் அருகில் நிற்கும்போது அந்த உபாதையைப் பற்றிப் பேச அவருக்குக் கூச்சம். வீடு திரும்பியபின் மருமகள் தனியே கேட்டதற்கு, "அது வேறு விஷயத்துக்கு உள்ளதும்மா. இருமலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றாராம். மருமகள் புத்திசாலி. மறுநாள் பையை அப்படியே எடுத்துச் சென்று டாக்டரின் மேஜைமீது கவிழ்த்தார். அத்தோடு விடை கிடைத்தது.

மாத்திரை நிறுத்தப்பட்டது, அழற்சி அடங்க ஸ்டீராய்டு மருந்து சில மாதங்கள் கொடுத்தார்கள். இருமல் பெரிதும் குறைந்தது. ஆனால் அதற்குள் ஏறிவிட்ட தழும்பு மறையவில்லை. அம்மையார் இன்று வீட்டுக்குள் தாராளமாக நடமாடுகிறார். கோவில் வரையில் மெல்ல நடக்கிறார். ராமகிருஷ்ணபுரத்து மலைமந்திரின் படிகளை மட்டும் கீழே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார். ஆறு மாதம் முன்னதாகப் பையைக் கவிழ்த்திருந்தால் படியேறியிருப்பார் என்றே எண்ணத் தோன்றுகிறது.

இரண்டாவதாக அமியோடரோன். இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுவதை ஒழுங்குபடுத்தும் மருந்து. இதன் வரலாறு சுவையானது. எகிப்து தேசத்தில் 'கெல்லா' என்னும் செடியை மக்கள் சிறுநீரகக் கல்லுக்கு உபயோகித்து வந்தார்கள். கெய்ரோவில் பணியாற்றிய ருஷ்ய விஞ்ஞானி அன்ரெப் என்பவர், தம் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் அச்செடியின் சத்தை உட்கொண்டபின் அவருடைய மார்வலி நீங்கியதைக் கவனித்தார். அந்த வழியில் தேடிச்சென்று, 1961-ல் பெல்ஜியத்து லாபாஸ் நிறுவனத்தார் அமியோடரோனை உண்டாக்கினார்கள். மார்வலிக்கென்று பிறந்த மருந்து துடிப்பை ஒழுங்குபடுத்தவும் வல்லது என்பதை ஆக்ஸ்போர்டில் ஆராய்ந்து 1970-ல் வெளியிட்டவர்களுள் ஒருவர் பிரமா சிங். பிஜித் தீவில் பிறந்த இந்திய வம்சாவளியினர். கடல் கடந்து போனவர்களின் சந்ததி என்ற வகையில் நமக்கும் அவரைப் பற்றிச் சற்றே பெருமை இருக்கலாம்.

உயிரைக் காக்கும் மருந்து, அதில் ஐயமில்லை. ஆனால் இதன் எடையில் நூற்றுக்கு 37 பங்கு அயோடின். உடலின் கொழுப்பிலும் நுரையீரலிலும் சென்று தங்கிவிடும் இயல்புடையது. இன்று நிறுத்தினாலும் உடலிலுள்ளதில் பாதி வெளியேறவே ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். பழைய ஆய்வுகளில் இதை நெடுநாள் உண்டவர்களில் சிலருக்கு நுரையீரல் பாதிப்பு காணப்பட்டது. நாளொன்றுக்கு 400 மில்லிகிராமும் அதற்கு மேலும் மாதக்கணக்கில் உண்டவர்களுக்கு அபாயம் அதிகம். 200-க்குள் உண்பவர்களுக்குக் குறைவு. ஆயினும் இல்லையென்று சொல்வதற்கில்லை. 1985-ல் அமெரிக்க அரசாங்கம் இதனை அனுமதித்தபோதே நுரையீரலைப் பற்றிய எச்சரிக்கையையும் சேர்த்தே அனுமதித்தது. ஆகவே இதனைத் தொடங்கும்போது மார்பு எக்ஸ்ரே படமும் மூச்சுப் பரிசோதனையும், பின்னர் ஆண்டுக்கொருமுறை படமும், ஆறு மாதத்திற்கொருமுறை தைராய்டு, கல்லீரல் பரிசோதனைகளும் செய்வது மருத்துவ வழக்கம். ஊரில் ஒரு டாக்டர் தொடங்கி, தில்லியில் வேறொருவர் தொடர்ந்து, நடுவில் பெங்களூரில் மகள் வீட்டில் மூன்றாமவர் பார்க்க நேரும் நம் பெரியவர்களுக்கு, அந்த ஆண்டுப் பரிசோதனையை நினைவில் வைத்துச் செய்விப்பவர் யார்? வீட்டிலுள்ளோரே அதைச் செய்யவேண்டும்.

மூன்றாவது மெத்தோட்ரெக்ஸேட். மூட்டுவாதத்திற்கும் சொரியாசிஸ் என்னும் தோல் நோய்க்கும் கொடுக்கப்படுவது. இதன் பிறப்பில் சென்னைக்கும் ஓர் உறவுண்டு. 1895-ல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மெட்ரிகுலேஷன் பரீட்சையை மூன்றாம் முறையில்தான் தாண்டினார் என்பது நம்மைப் போன்றவர்களுக்கு ஆறுதலளிக்கும் செய்தி. அமெரிக்காவில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவருடைய தலைமையில் உருவான மருந்துகளைக் கொண்டே, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகவேனும் அடக்கலாம் என்பதை 1948-ல் சிட்னி ஃபார்பர் காட்டினார். அதே ஆண்டில் சுப்பாராவ் மறைந்தார். அந்தக் குடும்பத்து மருந்துதான் மெத்தோட்ரெக்ஸேட்.

இதைப் பற்றி நியாயமாகவே பேசவேண்டும். இதனால் நுரையீரலில் திடீர் அழற்சி தோன்றுவது அரிதே எனினும் உண்டு. பெரும்பாலும் தொடங்கிய முதல் ஆண்டிற்குள் வரும். காய்ச்சலோடு கூடிய வறட்டு இருமல் அதன் அடையாளம். ஆனால் ஆண்டுக்கணக்கில் உண்பதால் தழும்பு ஏறுகிறது என்ற பழைய பயத்தை அண்மைக்கால ஆய்வுகள் ஒப்புக்கொள்ளவில்லை. மூட்டுவாத நோயே நுரையீரலைத் தாக்கவல்லது. பழி மருந்தின்மேல் விழுந்துவந்தது. ஆகவே இம்மாத்திரை உண்பவர்கள் வீணே அஞ்ச வேண்டாம். அஞ்சவேண்டிய இடம் வேறு. மூட்டுவாதத்திற்கு இது வாரத்திற்கு ஒருநாள் மட்டும் உண்ணவேண்டிய மாத்திரை. நாள்தோறும் உண்ணும் மற்ற மாத்திரைகளோடு கலந்துவிட்டு, தவறாகத் தினந்தோறும் உண்டவர்கள் இரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தான நிலையை அடைந்திருக்கிறார்கள். கிழமையின் பெயரைத் தமிழில் பெரிதாக அட்டைமேல் எழுதி ஒட்டிவையுங்கள்.

இனி, தில்லியில் ஏன் இது கண்ணுக்குத் தப்புகிறது என்று பார்ப்போம். இங்கே நுரையீரலுக்குப் பகைவர்கள் பலர். இந்தியாவின் 19 நகரங்களில் 27 மருத்துவ நிலையங்கள் சேர்ந்து, நுரையீரல் சுவர் கெட்ட 1,084 நோயாளிகளைப் பதிவுசெய்து 2017-ல் ஓர் அறிக்கை வெளியிட்டன. அவர்களுள் ஏறத்தாழ பாதிப்பேருக்கு, மூச்சோடு உட்செல்லும் பூஞ்சை, பறவை எச்சத்தூள் முதலியவற்றின் ஒவ்வாமையே காரணமாக இருந்தது. அவர்களிலும் ஏறத்தாழ பாதிப்பேர் ஏர்கூலர் உபயோகித்தவர்கள். வைகாசி வெயிலில் ஜன்னலில் அமர்ந்து உறுமும் அந்தத் தகரப் பெட்டியின் ஈரப் புல்லை எத்தனை பேர் ஆண்டுதோறும் மாற்றுகிறோம்? பால்கனியில் புறாக்களுக்குத் தானியம் இறைக்கும் புண்ணியத்திலும் இந்தச் சங்கடம் உண்டு. இவ்வாறு புகை, கூலர், புறா, பழைய காசநோயின் வடு என்று நான்கு காரணங்கள் முன்னே நிற்கும்போது ஐந்தாவதாகிய மாத்திரை அவற்றின் பின்னே மறைந்துகொள்கிறது. டாக்டரும் கேட்டால்தான் அறிவார். நாமும் சொன்னால்தான் அவர் அறிவார்.

எந்த இருமலைச் சந்தேகிக்க வேண்டும்? சளியற்ற வறட்டு இருமல் மூன்று வாரத்திற்கு மேல் நீடித்தால். புகை குறைந்த நாளிலும் வெளியூரிலும் குறையாவிட்டால். முன்பு ஏறிய படியை ஏறமுடியாமல் நடுவில் நின்றால் டாக்டரிடம் செல்லவேண்டும். காசநோய்க்கான பரிசோதனையையும் அவர் செய்வார், அது தேவையானதே. ஸ்டெதாஸ்கோப்பை முதுகின் அடிப்புறத்தில் வைத்துக் கேட்டால், பையின் வெல்க்ரோ பட்டையைப் பிரிக்கும்போது எழுவது போன்ற சரசரப்பு கேட்கும் என்கிறார்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரே படம் ஒன்றும் காட்டாமல் இருக்கலாம், நுண்ணிய சி.டி. ஸ்கேன் காட்டிவிடும்.

2021-ஆம் ஆண்டுக் கோடையில், பிராணவாயு உருளை தேடித் தில்லித் தெருக்களில் அலைந்த அந்த நாட்களில், நம் வீடுகளில் பலவும் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் வாங்கினோம். அது இப்போது மேஜை அறையில் உறங்கிக்கொண்டிருக்கும். புதிய பேட்டரி போட்டு எடுங்கள். உட்கார்ந்திருக்கையில் 96, 97 என்று காட்டுவது, ஆறு நிமிஷம் நடந்தபின் நான்கைந்து எண் இறங்கினால் அது அலட்சியம் செய்யத்தக்கதன்று. ஆனால் மார்கழிக் குளிரில் விறைத்த விரலும் நகப்பூச்சும் கருவியை ஏமாற்றும். கையைச் சூடாக்கிக்கொண்டு பார்க்கவேண்டும்.

இதைப் படித்தவுடன் எவரும் தம் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடக் கூடாது என்பதை மிகவும் வற்புறுத்திக் கூறுகிறோம். அமியோடரோனை டாக்டர் சொல்லாமல் நிறுத்தினால் இதயம் மீண்டும் தாறுமாறாக ஓடலாம். நாம் கேட்பதெல்லாம் மருந்துக்கடையில் சீட்டின் தேதியைப் பாருங்கள் என்பதே. டாக்டர் சீட்டின்பேரில் மட்டுமே விற்கப்படவேண்டிய மருந்துகள் எவை என்பது 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளிலேயே இருக்கிறது. காலி அட்டையை நீட்டினால் மறுபேச்சின்றிக் கொடுக்கும் கடைகளும், அதையே சௌகரியம் என்று கருதும் நாமும் சேர்ந்துதான் அவ்விதியைக் காகிதத்தோடு நிறுத்தியிருக்கிறோம்.

மருந்தால் தீங்கு நேர்ந்ததென்று தோன்றினால் அதைத் தெரிவிக்க நம் பக்கத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. 2010-ல் தில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் தொடங்கப்பட்ட இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம், 2011 முதல் காஜியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் தர ஆணையத்தின்கீழ் நடந்துவருகிறது. டாக்டர் மட்டுமல்ல, நோயாளியோ அவருடைய உறவினரோ தாமே தெரிவிக்கலாம். மருந்துதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகமே போதும். பெயரை வெளியிடமாட்டார்கள். வேலை நாட்களில் 1800-180-3024 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். நோயாளிகளுக்கான படிவம் தமிழிலும் அச்சிடப்பட்டிருக்கிறது. சுவீடனில் 921 பேரைப் பற்றி யாரோ எழுதிப்போட்டதனால்தானே அந்த உண்மை வெளியாயிற்று?

கடைசியாக, இந்தப் பருவத்தில் ஊரிலிருந்து புறப்படப் போகும் பெரியவர்களுக்கு வீட்டிலுள்ளோர் தொலைபேசியில் ஒன்று சொல்லிவைப்பது நலம். மாத்திரைப் பையோடு, ஒவ்வொரு மாத்திரையையும் எந்த ஆண்டு தொடங்கினார்கள், எந்த டாக்டர் எழுதினார் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்ளட்டும். பீரோவுக்குப் பின்னால் செருகிவைத்திருக்கும் பழைய எக்ஸ்ரே படத்தையும், சுருட்டாமல், புடவைகளுக்கு நடுவே தட்டையாக வைத்துக் கொண்டுவரட்டும். புதிய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு இங்கே டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.